கோடையில் விறகு பாய்லரை என்ன செய்வது: எரிப்பதா, நிறைத்து வைப்பதா, வடிப்பதா?

மின்னசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன், நியூயார்க் மாநிலத்தின் வட பகுதி, எல்லை தாண்டினால் ஒன்டாரியோ, மானிடோபா. வட அமெரிக்காவின் இந்தக் குளிர்ப் பகுதிகளில் நகரத்தை விட்டுத் தள்ளிப் போனால், வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு தகரக் கொட்டகை நிற்பதைப் பார்க்கலாம். தலையில் குட்டையான புகைபோக்கி இருக்கும். உள்ளே இருப்பது விறகு பாய்லர். நடுவில் எஃகில் செய்த நெருப்பறை, அதைச் சுற்றிலும் தண்ணீர்த் தொட்டி. மாடலைப் பொறுத்து 100 காலனிலிருந்து 400 காலன் வரை தண்ணீர் பிடிக்கும். அந்தத் தண்ணீர் 180 டிகிரி பாரன்ஹீட், அதாவது 82 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாகி, மண்ணுக்கடியில் புதைத்த பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் வழியாக வீட்டுக்குள் போய், வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். வீடும் சூடாகும், குளிக்கிற தண்ணீரும் சூடாகும். நெருப்பும் சாம்பலும் வெளியிலேயே இருந்துவிடும்.

அக்டோபரில் பற்றவைத்தால் ஏப்ரல் கடைசி வரை அணைப்பதே இல்லை. அதற்குப் பிறகுதான் கேள்வி வருகிறது. குளிக்கிற வெந்நீருக்காகக் கோடையிலும் எரித்துக்கொண்டே இருக்கலாம். நெருப்பை அணைத்துவிட்டுத் தொட்டியில் தண்ணீரை நிறைத்தபடியே வைக்கலாம். தண்ணீரையும் வடித்துவிட்டுக் காலியாக விடலாம். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் மூன்றுக்கும் ஆதரவாகப் பேச ஆள் கிடைப்பார்கள். நான் இரண்டாவது கட்சி. ஆனால் அதிலும் ஒரு பாதியைத்தான் எல்லோரும் செய்கிறார்கள், மறு பாதியை விட்டுவிடுகிறார்கள் என்பது என் கவலை. அதனால் காரணங்களோடு சொல்கிறேன்.

பணத்தை மனதில் வைத்துப் பாருங்கள். புதிய பாய்லர், குழாய், பள்ளம் தோண்டும் கூலி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்தால் 10,000 டாலரைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் இன்னொரு சிக்கலும் உண்டு. மத்திய சுற்றுச்சூழல் முகமை 2015இல் கொண்டுவந்த விதியின் இரண்டாம் கட்டம் 2020 மே மாதத்தில் அமலுக்கு வந்தது. பத்து லட்சம் பிடியூ (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பத்துக்கு 0.10 பவுண்டுக்கு மேல் புகைத்துகள் விடும் மாடல்களை வீட்டு உபயோகத்துக்குப் புதிதாக விற்க முடியாது. ஏற்கெனவே நிற்கும் பழைய பாய்லரை அந்த விதி ஒன்றும் செய்யாது. ஆனால் அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், அதே மாதிரி எளிய பாய்லர் ஒன்றைக் கடையில் போய் வாங்கிவர முடியாது. இருப்பதைக் காப்பாற்றுவதில்தான் லாபம்.

எஃகு இரண்டு பக்கமாக அரிக்கப்படுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் நெருப்பு. இரண்டும் கேட்பது நேர் எதிரானது. தண்ணீர்ப் பக்கத்து எஃகு, காற்றுப் படாமல் துருத் தடுப்பு மருந்து கலந்த தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் நன்றாக இருக்கும். நெருப்புப் பக்கத்து எஃகு காய்ந்து கிடந்தால் நன்றாக இருக்கும். மூன்று வழிகளையும் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கோடையிலும் எரித்தால்

விறகு சும்மா கிடைக்கிறது, கரண்ட் பில் எதற்கு என்பதுதான் இதற்குச் சொல்லும் காரணம். அந்த நினைப்பு எனக்குப் புரிகிறது. 2002இல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றுவிட்டது. மிச்சிகன், ஒஹாயோ பக்கமெல்லாம் பட்டுப்போன மரம் தாராளமாகக் கிடந்தது. வெட்டி எடுக்கிற உழைப்புதான் செலவு.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் நாளுக்கு 60 காலன், சுமார் 230 லிட்டர் வெந்நீர் என்று வைப்போம். 12 டிகிரியில் வரும் கிணற்றுத் தண்ணீரை 49 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 10 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்) போதும். வீட்டுக்கு உண்மையில் தேவைப்படும் வெப்பம் அவ்வளவுதான். இதற்காக ஒரு பெரிய தொட்டித் தண்ணீரை 24 மணி நேரமும் 80 டிகிரியில் வைத்திருக்கிறோம். தொட்டியும் புதைகுழாயும் சேர்ந்து மணிக்கு ஒரு யூனிட் வெப்பத்தை வீணாக்குகின்றன என்று வைத்தால், நாளுக்கு 24 யூனிட் மண்ணுக்கும் காற்றுக்கும் போகிறது. குளிப்பதற்கு 10, வீணாவது 24. குளிர்காலத்தில் வீடே நாளுக்கு 200, 300 யூனிட் கேட்கும்போது அந்த 24 கண்ணில் படாது. ஜூலையில் அதுதான் பெரிய செலவு. எரிகிற விறகின் வெப்பத்தில் பாதிதான் தண்ணீருக்குச் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டால், கிலோவுக்கு 4 யூனிட் தரும் காய்ந்த விறகு நாளுக்கு 17 கிலோ வேண்டும். ஐந்து மாதத்துக்கு இரண்டரை டன். ஓக் மரத்தில் ஒன்றரை கார்டு. ஒரு கார்டு என்பது 128 கன அடி அடுக்கு. அதை வெட்டிப் பிளந்து அடுக்கியவர்களுக்குத் தெரியும் அதன் எடை.

அதோடு தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு இருக்கிறதே, அது சாதாரணமாக 80 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 2 யூனிட். ஐந்து மாதத்தில் சுமார் 290 யூனிட். இதே வெந்நீரை, சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் நாளுக்கு 3 யூனிட்டில் கொடுத்துவிடும். சும்மா கிடைப்பதாகச் சொல்லும் விறகு வெந்நீருக்குப் பம்பு செலவழிக்கும் மின்சாரமே, விறகே இல்லாத ஏற்பாட்டின் மொத்த மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சாதாரண மின் ஹீட்டர் என்றாலும் ஐந்து மாதத்துக்கு 1,500 யூனிட். யூனிட்டுக்கு 15 முதல் 20 சென்ட் என்று பிடித்தால் 225 முதல் 300 டாலர். ஒன்றரை கார்டு விறகும், தினமும் சாம்பலோடும் புகையோடும் மல்லுக்கட்டும் நேரமும் அதைவிட மலிவு என்று எனக்குத் தோன்றவில்லை. ஹீட் பம்ப் ஹீட்டர் ஓடும்போது பேஸ்மென்ட்டின் ஈரத்தையும் இழுத்துவிடும். அந்தப் பக்கத்துக் கோடைக்கு அது கூடுதல் நன்மை.

பணத்தைவிட எனக்கு முக்கியம் புகை. தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் பாய்லர் காற்று வழியை மூடிக்கொள்ளும். விறகு கொழுந்துவிட்டு எரியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டே கிடக்கும். குளிர்காலத்தில் வீடு வெப்பத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பதால் நெருப்பு அடிக்கடி திறந்து நன்றாக எரியும். கோடையில் நாளின் பெரும்பகுதி இந்தப் புகைச்சல்தான். குட்டைப் புகைபோக்கியிலிருந்து வரும் சூடில்லாத புகை மேலே போகாமல் தரையை ஒட்டிப் படரும். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்திருக்கும் காலம் அது. அங்கே ஆஸ்துமா உள்ள குழந்தை இருந்தால் யோசித்துப் பாருங்கள். கனெக்டிகட் மாநிலம் 2005இலேயே அடுத்த வீட்டிலிருந்து 200 அடி தள்ளித்தான் இவற்றை வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. கோடை மாதங்களில் எரிக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கும் ஊராட்சிகளும் உண்டு. உங்கள் டவுன்ஷிப்பின் விதியை ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

பாய்லருக்கும் அது நல்லதில்லை. புகைந்து கிடக்கும் விறகிலிருந்து வரும் நீராவியும் அமிலமும் தாரும் சுவரில் படிந்து கிரியோசோட்டாக இறுகும். ஏசி உள்ள வீடாக இருந்தால் இன்னொரு சிக்கல். சூடான தண்ணீர் ஓடும் சுருள்குழாய், ஏசி காற்று போகிற அதே குழாயில்தான் பல வீடுகளில் உட்கார்ந்திருக்கும். அதற்கு வால்வு வைத்துத் திருப்பிவிடாவிட்டால் ஏசி குளிரவைப்பதை பாய்லர் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

இதற்கு விதிவிலக்கு நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள். 15,000 காலன் குளத்தை 5 டிகிரி செல்சியஸ் ஏற்றவே 330 யூனிட் வேண்டும். அப்போது பாய்லருக்கு உண்மையான வேலை இருக்கிறது, நெருப்பும் ஒழுங்காக எரியும். பக்கத்தில் வீடு இல்லாமல், விதியும் இடம்கொடுத்தால் அவர்கள் எரிக்கலாம்.

வடிப்பதா, நிறைத்து வைப்பதா

தண்ணீர்தானே துருவுக்குக் காரணம், வடித்துவிட்டால் துருப்பிடிக்காது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் துருவுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். குளிர்காலம் முழுக்கச் சூடாகிக்கொண்டிருந்த தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் பெரும்பாலும் வெளியேறியிருக்கும். அதோடு நைட்ரைட் போன்ற துருத் தடுப்பு மருந்து எஃகின் மேல் மெல்லிய படலமாகப் பிடித்துக் காக்கிறது. அந்தத் தண்ணீரை வடித்தால் படலத்துக்கு ஆதாரமும் போகிறது, ஈரச் சுவரில் புதுக் காற்றும் படுகிறது. இவை அழுத்தம் இல்லாத, மேலே காற்றுக்குழாய் திறந்திருக்கும் தொட்டிகள். அடி மூலையிலும் வெல்டு ஓரங்களிலும் எப்படியும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். அதைச் சொட்டுவிடாமல் உலர்த்த வீட்டில் உள்ளவர்களால் முடியாது. ஈரமும் காற்றும் சேர்ந்த அந்த ஐந்து மாதம்தான் எஃகுக்குக் கெட்ட காலம். இலையுதிர் காலத்தில் மறுபடி நிரப்பும் புதுத் தண்ணீரும் ஆக்சிஜனையும் கால்சியத்தையும் கொண்டுவரும். மருந்துக்கும் மறுபடி காசு.

கிராமத்தில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 300 காலன் நைட்ரைட் கலந்த தண்ணீரை எங்கே விடுவீர்கள்? பெரும்பாலான வீடுகளில் குடிப்பது சொந்தக் கிணற்றுத் தண்ணீர். நைட்ரைட் நிலத்தடி நீரில் இறங்கினால், அந்தத் தண்ணீரில் பால் கலந்து புட்டியில் கொடுக்கும் கைக்குழந்தைக்கு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். அமெரிக்காவில் குடிநீரில் நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அதற்கு அனுமதி. கிணற்றருகில், ஓடையில், வாய்க்காலில் விடவே கூடாது.

வடிப்பது நியாயமாகும் சந்தர்ப்பங்கள் சில உண்டு. ஓட்டையை வெல்டு செய்ய வேண்டும், பாய்லரை விற்கப்போகிறீர்கள், இல்லாவிட்டால் வரும் குளிர்காலத்தில் வீடு பூட்டிக் கிடக்கப் போகிறது, உறைந்து தொட்டி வெடிக்கும். மற்றபடி நிறைத்து வையுங்கள்.

நிறைத்து வைப்பதிலும் வரிசை முக்கியம். நெருப்பை அணைப்பதற்கு முன்பே, தண்ணீர் சூடாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மாதிரி எடுத்து மருந்தின் அளவையும் காரத்தன்மையையும் பரிசோதியுங்கள். பல தயாரிப்பாளர்களின் வாரண்டி, ஆண்டுதோறும் செய்யும் இந்தப் பரிசோதனையை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. மருந்து குறைவாக இருந்தால் அப்போதே ஊற்றி ஓரிரு நாள் சூட்டோடு சுற்றவிட்டால்தான் தொட்டி முழுக்கக் கலக்கும். ஆறிய தண்ணீரில் ஊற்றினால் ஊற்றிய இடத்திலேயே கிடக்கும். அடி வால்வைத் திறந்து கொஞ்சம் வண்டலை ஒரு வாளியில் பிடித்து எடுத்துவிட்டு, நிறைவுக் குறி வரை தண்ணீரை ஏற்றிவிடுங்கள். மேலே காற்றுக்கு இடம் குறையக் குறையத் துருவுக்கும் இடம் குறையும்.

நெருப்புப் பக்கம்: பலரும் விட்டுவிடும் பாதி

தண்ணீரை நிறைத்துவிட்டு, மருந்தையும் ஊற்றிவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். இங்கேதான் எனக்கு வருத்தம். நிறைத்து வைத்த பாய்லரின் நெருப்புப் பக்கம், காலியான பாய்லரைவிட அதிகமாக வியர்க்கும். நூற்றுக்கணக்கான காலன் தண்ணீர் இரவின் குளிர்ச்சியைப் பிடித்துவைத்திருக்கும். காலையில் ஏரிக்காற்றோடு வரும் வெப்பமான ஈரக்காற்று புகைபோக்கி வழியாக உள்ளே இறங்கினால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி சுவர் முத்து முத்தாக வியர்த்துவிடும். அங்கே சாம்பலும் கிரியோசோட்டும் இருந்தால் அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். கிரியோசோட்டில் அமிலம் இருக்கிறது. சாம்பல் ஈரமானால் கடும் காரமாகிறது. இரண்டும் எஃகில் ஒட்டியபடியே மே முதல் செப்டம்பர் வரை கிடக்கும். தண்ணீர்ப் பக்கம் சரியாகச் செய்தவர்களின் பாய்லரும் சாம்பல் தங்கிய மூலையில் ஓட்டை விழுவது இதனால்தான்.

ஆகவே கடைசி நெருப்பை நல்ல காய்ந்த விறகில் கொழுந்துவிட்டு எரியவையுங்கள். கிரியோசோட் காய்ந்து உதிரும் பதத்துக்கு வரும். தணல் முழுக்க அடங்கியதும், சாம்பல் இன்னும் உலர்ந்திருக்கும்போதே வாரிவிடுங்கள். சாம்பலுக்குள் தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் மூடியுள்ள இரும்பு டப்பாவில் போட்டு வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். அப்புறம் சுவர், பின்பக்கம், கதவு ஓரம், மூலைகள், சாம்பல் தட்டு இருக்கும் இடம் எல்லாவற்றையும் எஃகு தெரியும்வரை சுரண்ட வேண்டும். புகைபோக்கிக்கு பிரஷ். புகையை இரண்டாம் முறை எரிக்கும் புது மாடல்களில் கீழ் அறையையும் புகைக்குழாய்களையும் திறந்து துடைக்க வேண்டும். அரை நாள் வேலை. முகமூடியும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள்.

சுரண்டிய பிறகு என்ன பூசுவது என்பதில் ஆளுக்கொரு வழி. பழைய எஞ்சின் ஆயிலைப் பூசுவது பலருக்கு வழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை. அதில் எஞ்சினிலிருந்து தேய்ந்து வந்த உலோகங்கள் இருக்கும், அக்டோபரில் பற்றவைக்கும்போது எல்லாம் புகையாகப் போகும். புது ஆயிலை மெல்லிய படலமாகத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். நெருப்புச் செங்கல் உள்ள மாடலில் செங்கல் மேல் எண்ணெய் படக் கூடாது. சிலர் வயலுக்குப் போடும் சுண்ணாம்புத் தூளைத் தூவுகிறார்கள். தரையில் மிஞ்சிய அமிலத்தைக் கொஞ்சம் முறிக்கும், நெட்டுச் சுவரில் அது நிற்காது. சுரண்டாமல் சுண்ணாம்பு தூவுவதில் பயனில்லை, சுரண்டியவர்களுக்கு அது பெரிதாகத் தேவையும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாய்லருக்கு எண்ணெய் வேண்டாம், ஆனால் சாம்பல் வாருவதிலிருந்து அதற்கும் விலக்கில்லை.

அடைத்து வைப்பதா, காற்றாட விடுவதா என்பதில் இன்னும் தகராறு. மழை உள்ளே இறங்காமல் புகைபோக்கிக்கு மூடி போட வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஏரிகளை ஒட்டிய ஈரமான ஊர்களில், உள்ளே முழுக்கக் காய்ந்த பிறகு இறுக்க மூடுவதே மேல் என்பது என் எண்ணம். காற்றாட விட்டால் தினமும் காலையில் புது ஈரம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஈரம் குறைந்த மேற்குப் பக்கங்களில் கதவை லேசாகத் திறந்து வைத்தாலும் கெடுதலில்லை. உள்ளே ஒரு 60 வாட் குண்டு பல்பை எரியவிட்டுச் சுவரைக் கதகதப்பாக வைப்பவர்களும் உண்டு. வேலை செய்யும், ஆனால் நாளுக்கு ஒன்றரை யூனிட். மிக ஈரமான இடமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். எப்படி மூடினாலும், புகைபோக்கி மூடியிருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிடுங்கள். அக்டோபரில் வீட்டில் வேறு யாராவது தெரியாமல் பற்றவைத்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் கதவு வழியாக முகத்தில் அடிக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். அந்தப் பகுதிகளில் கோடை என்றால் இடிமின்னல் காலம். கன்ட்ரோலரின் பிளக்கைக் கழற்றிவிட்டால் மின்னலில் போர்டு கருகாது. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் பம்பைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். தண்டு இறுகிப்போகாது, மருந்தும் கலந்துகொள்ளும். அதே கையோடு கதவைத் திறந்து ஈரம் இருக்கிறதா, எலி கூடு கட்டியிருக்கிறதா, காற்றூதியில் குளவி குடியேறியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வீட்டுப் பக்கத்தில், வாட்டர் ஹீட்டரின் ஓரத்தில் பாய்லர் தண்ணீரின் வெப்பத்தைக் குளிக்கிற தண்ணீருக்கு மாற்றுவதற்காக நெட்டாகப் பொருத்திய குழாய் எக்ஸ்சேஞ்சர் இருந்தால் அதன் வால்வுகளைச் சாத்துங்கள். சாத்தாவிட்டால் ஹீட்டர் சூடாக்கும் தண்ணீர் தானாகச் சுழன்று அதன் வழியே வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும்.

கதவின் கயிறு கேஸ்கெட்டைக் கோடையிலேயே பார்த்துவிடுங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுங்கள். எளிதாக உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று கசிகிறது, கயிற்றை மாற்ற வேண்டும். செப்டம்பர் கடைசியில் கடைகளில் கூட்டம் சேர்ந்து சரக்குத் தட்டுப்பாடு வரும், ஜூனில் தாராளமாகக் கிடைக்கும். மறுபடி பற்றவைக்கும்போது முதலில் அட்டையையும் புகைபோக்கி மூடியையும் எடுங்கள். பிறகு தண்ணீர் மட்டம் பாருங்கள், வால்வுகளைத் திறந்து பம்பை ஓடவிடுங்கள். தீக்குச்சி அதற்கப்புறம். முதல் இரண்டு நாள் சூட்டில் இன்னொரு மாதிரி எடுத்து, வசந்தத்தில் எடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். மருந்து வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ தண்ணீர் ஒழுகிக் குறைந்திருக்கலாம், இல்லையென்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா பெருகியிருக்கலாம். மருந்து வாங்கிய இடத்தில் அந்த எண்களைக் காட்டிக் கேட்டுவிட்டு மேற்கொண்டு ஊற்றுங்கள்.